அரைக் கிண்ணம் தேத்தண்ணி

19.12.1998, சனி

இந்தக் கொப்பி மகள் துளசிகா எழுத்துப் பழகுவதற்கு வாங்கியது. அவள் இரண்டு பக்கம் எழுதிவிட்டுப் பென்சிலைக் கடித்துக்கொண்டு இருக்கிறாள். மிச்சத்தை நான் எடுத்துக்கொண்டேன். சுவிஸ் போய்ச் சேர்ந்ததும் இவரிடம் கொடுப்பேன். "எப்பிடி வந்தனீங்கள், என்ன சாப்பிட்டனீங்கள் எண்டு ரெலிபோனில கேட்டுக் கேட்டு அழுதியளே, இந்தாங்கோ, வாசியுங்கோ" என்று சொல்லுவேன். அதனால் எழுத்தும் கொஞ்சம் ஒழுங்காக இருக்க வேண்டும்.

நாங்கள் இருப்பது உக்ரேன் நாட்டில், எல்லைக்குக் கிட்ட. ஊரின் பெயர் தெரியாது. காட்டோரமாக ஒரு வீடு, இரண்டு அறை, ஒரு குசினி. யன்னல் சீலையைத் திறக்கக்கூடாது, வாசலுக்குப் போகக்கூடாது. ஸ்லாவா என்ற சாரதி லொறி கொண்டுவந்து எங்களை ஏற்றும்வரை இதுதான் வீடு. துளசிகாவுக்கு ஒரு வயதாக இருக்கும்போது இவர் போனது. இப்போது அவளுக்கு ஆறு. அப்பாவைப் படத்தில்தான் தெரியும்.

எங்களோடு ரஜீவன். அச்சுவேலிப் பெடியன். மொஸ்கோவில் படிக்கிறேன் என்று பேர் பண்ணிக்கொண்டு இரண்டு வருஷம் இருந்தவன், ரஷ்ய பாஷை தண்ணீர் மாதிரிப் பேசுகிறான். மற்றது குல்வந்த் சிங், பஞ்சாப்காரர். அவருக்கும் எனக்கும் கொஞ்சம் இங்கிலிஸ், மிச்சம் கை.

21.12.1998, திங்கள்

ஒரே கேத்தல், ஒரே அடுப்பு, ஒரே தேயிலைப் பெட்டி. மூன்று நாட்டுச் சண்டை.

குல்வந்த் பாலையும் தண்ணீரையும் தேயிலையையும் சீனியையும் ஒன்றாகப் போட்டு, சுவருக்குப் பூசலாம் போல வரும்வரைக்கும் கொதிக்கவைக்கிறார். பால் முழுக்க முடிந்துபோகிறது. வீட்டுக்காரி கலினா ஒருநாள் விட்டு ஒருநாள் பாணும் உருளைக்கிழங்கும் ஒரு போத்தல் பாலும் கொண்டுவருவாள். வந்தால் தனக்கும் போட்டுக் குடிப்பாள். சின்னப் பாத்திரத்தில் கறுப்பாகச் சாயம் இறக்கி, அதில் இரண்டு விரல் அளவு கப்பில் விட்டு, மேலே சுடுதண்ணீரை ஊற்றி, சீனிக்குப் பதில் ஜாம் கரண்டியை வாயில் வைத்துக்கொள்வாள். அதே சாயத்தை நாளைக்கும் குடிப்பாளாம். பழஞ்சாயம்! எங்கள் கரவெட்டியில் பழஞ்சாயம் கொடுத்தால் அந்த வீட்டில் சம்பந்தமே பேசமாட்டார்கள்.

நான் என் சீலை வடியைப் பெட்டியில் கொண்டுவந்திருக்கிறேன். விமான நிலையத்தில் அதை விரித்துப் பார்த்துக் காலுறை என்று நினைத்தார்கள். வடியில் தேயிலையைப் போட்டுக் கொதிதண்ணீர் வார்த்து, இரண்டு தரம் ஆற்றினால் அது தேத்தண்ணி. மற்றதெல்லாம் கஷாயம்.

கடைசியில் ரஜீவன் தீர்ப்புச் சொன்னான்: "இனி அக்காதான் எல்லாருக்கும் ஊத்திறது. ஆரும் அடுப்படிக்குப் போகக்கூடாது." இப்படித்தான் இந்த வேலை என் தலையில் வந்தது.

24.12.1998, வியாழன்

இன்று ஒரு ஆளைக் கொண்டுவந்து விட்டார்கள். பெயர் ருஸ்தம். உஸ்பெக் நாட்டுக்காரர், நாற்பத்தைந்து வயது இருக்கும், பாண் பேக்கரி வைத்திருந்தவராம். முன்வாயில் ஒரு வரிசை தங்கப்பல். ஏன் ஊரைவிட்டு வந்தீர்கள் என்று ரஜீவன் கேட்டதற்குக் கையால் கழுத்தை அறுப்பதுபோலக் காட்டினார். அதற்குமேல் கேட்கவில்லை. மகன் ஜேர்மனியில் இருக்கிறானாம்.

உடுப்புப் பை சின்னது. அதற்குள் துவாயில் சுற்றி ஒரு தேத்தண்ணிப் பாத்திரமும் பிடி இல்லாத ஒரு கிண்ணமும். நீலக் கிண்ணம், வெள்ளையில் பருத்திப் பூப் போட்டது. வந்ததிலிருந்து இருமுகிறார்.

குளிரில் வந்த மனுசன் என்று, அந்தக் கிண்ணம் நிறையத் தளும்பத் தளும்ப ஊற்றிக் கொடுத்தேன். கிண்ணத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். குடித்துமுடித்தார். எழும்பிப் போய்ச் சப்பாத்தைப் போடுகிறார்! கோட்டையும் எடுத்துவிட்டார். ரஜீவன் ஓடிப்போய்க் கையைப் பிடித்து ஏதோ கேட்டான். பிறகு சிரி சிரி என்று சிரித்தான்.

"அக்கா, நிரப்பி ஊத்தினா, 'இதைக் குடிச்சிட்டு எழும்பிப் போ' எண்டு அர்த்தமாம். அரைவாசி ஊத்தினாத்தானாம் மரியாதை. திரும்பத் திரும்ப ஊத்தலாமெல்லே, ஆள் கனநேரம் இருக்கட்டும் எண்டு."

"அரைவாசி ஊத்தினா எங்கட ஊரில வந்த சனம் படலையைத் தாண்ட முதலே என்ன கதைக்கும் தெரியுமோ?" என்றேன். "எங்கட பழக்கம் நிறைய ஊத்திறது எண்டு அவருக்குச் சொல்லும்."

சொன்னான். ருஸ்தம் தங்கப்பல் எல்லாம் தெரியச் சிரித்துக்கொண்டு சப்பாத்தைக் கழற்றினார். சிரித்ததில் இருமல் வந்து கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. குல்வந்தும் சிரித்தார். இந்த வீட்டுக்கு வந்து எல்லோரும் சேர்ந்து சிரித்தது இன்றுதான்.

26.12.1998, சனி

அரைக் கிண்ணம், அரைக் கிண்ணம் என்று ஒரு நேரத்துக்கு ஆறு தரம் எழும்புகிறேன். முழங்கால் நோகிறது. மரியாதை கொடுப்பது இவ்வளவு பாடு என்று தெரிந்திருந்தால் அன்றைக்கே சப்பாத்தைப் போட விட்டிருப்பேன்.

அவர் சீனிக்கட்டியைப் பல்லில் வைத்துக் கடித்துக்கொண்டு குடிக்கிறார். நாங்கள் பனங்கட்டி கடித்துக்கொண்டு குடிப்பதுபோலவேதான். துளசிகா வாயைப் பிளந்து பார்த்தாள். "அம்மா, இந்த மாமாவும் எங்கட ஆளோ?" இப்போது அவளும் பக்கத்தில் சப்பாணி கொட்டி இருந்து சீனியைக் கடிக்கிறாள். அவர் கிண்ணத்தில் ஒரு வாய் அவளுக்கு. இருமல்காரரின் கிண்ணம் என்று நான் பறித்தேன். மறுபடியும் போய்விட்டாள். தங்கப்பல் மாமா என்று பெயரும் வைத்தாகிவிட்டது.

30.12.1998, புதன்

குளிர் தாங்க முடியவில்லை. ரஜீவனுக்கு நடுக்கம் எடுத்தது. ருஸ்தம் தான் போர்த்தியிருந்த கம்பளியை எடுத்து அவனுக்குப் போர்த்திவிட்டார். பிறகு தான் இருமிக்கொண்டு சுவரோடு இருந்தார்.

1.1.1999, வெள்ளி

புதுவருஷம். உருளைக்கிழங்கு.

4.1.1999, திங்கள்

கலினா இரண்டு நாள் பாணைச் சேர்த்துக் கொண்டுவந்தாள். அவர்களின் நத்தார், யேசு பிறந்த நாள், ஏழாம் திகதியாம். அதுவரைக்கும் அதற்குப் பிறகும் மூன்று நாலு நாளைக்கு பஸ் ஒன்றும் ஓடாது, கடையும் இல்லை என்று ரஜீவனிடம் சொன்னாள். பஸ் தரிப்பிடமே ஒன்பது கிலோமீற்றர். இனி அடுத்த கிழமைதான் வருவேன், தேயிலையைப் பார்த்துப் பாவியுங்கோ என்றாள்.

ருஸ்தத்தின் இருமல் மோசம். நெஞ்சுக்குள் ஆரோ மரக் கதிரையை நிலத்தில் இழுப்பதுபோலச் சத்தம். இஞ்சி இருந்தால் ஒரு பிளேன்ரீ போட்டுக் கொடுத்திருப்பேன்.

5.1.1999, செவ்வாய்

மத்தியானம் ஸ்லாவா வந்தான். லொறியில் பலகை ஏற்றி நடுவில் பெட்டி மாதிரி ஒரு இடம் விட்டிருக்கிறதாம். அதற்குள் பதினாறு மணித்தியாலம். முதலில் போன கூட்டத்தை எல்லையில் பிடித்தது ஒரு இருமலால் என்றான். அவன் சொல்லிக்கொண்டிருக்கும்போதே பக்கத்து அறையில் ருஸ்தம் இருமினார். ஸ்லாவா கதவைத் திறந்து பார்த்தான். திரும்பி வந்து ரஜீவனிடம் ஏதோ சொல்லிவிட்டுப் போய்விட்டான்.

"என்னவாம்?" என்று கேட்டேன்.

"அந்தாள் இந்த வீட்டில இருக்குமட்டும் லொறி வராதாம், அக்கா. லொறியில ஏத்தாட்டி அந்தாள் எங்களைக் காட்டிக்குடுப்பார் எண்டு நினைக்கிறான். நாங்களே அனுப்பிவிட வேணுமாம்."

குல்வந்துக்குச் சொன்னோம். பையைத் தூக்கி வெளியில் வை என்று கையால் காட்டினார். "நீங்களே வையுங்கோவன்" என்று ரஜீவன் தமிழில் கத்தினான். அவர் திரும்பிப் படுத்துவிட்டார்.

"நீர்தானே பாஷை தெரிஞ்ச ஆள். நீர் சொல்லும்" என்றேன்.

"நான் சொல்லமாட்டன், அக்கா. அந்தாளின்ர கம்பளியைப் போத்துக்கொண்டு நான் என்னெண்டு சொல்லுறது?"

எனக்கு அவனோடு கோபம் வந்தது. பிள்ளை இருக்கிறவள் நான். அவனுக்கு என்ன, ஒற்றைக் கட்டை. இன்னும் ஆறு மாதம் என்றாலும் இருப்பான். ஐந்து வருஷம் காத்திருந்து இவ்வளவு தூரம் கொண்டுவந்த பிள்ளையை ஒரு பலகை லொறி தூரத்தில் வைத்துக்கொண்டு நான் இருக்கிறேன்.

6.1.1999, புதன்

ருஸ்தத்திடம் ஒருவரும் விஷயத்தைச் சொல்லவில்லை. அவருக்கு ஏழு தரம் ஊற்றினேன். எல்லாம் அரைக் கிண்ணம்.

7.1.1999, வியாழன்

இன்று காலைத் தேத்தண்ணி ஊற்றும்போது கை தவறி ருஸ்தத்தின் கிண்ணம் நிறைந்துபோய்விட்டது.

குளிரில் கை விறைத்திருந்தது. கேத்தலும் பாரம். பக்கத்தில் மூன்று சீனிக்கட்டி வைத்தேன். வழக்கமாக ஒன்றுதான் வைப்பது, ஆனால் இன்று அவர்களின் நத்தார்தானே என்று வைத்தேன். அவர் முஸ்லிம் என்பது பிறகுதான் ஞாபகம் வந்தது.

அவர் கிண்ணத்தைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். முதல் நாள் மாதிரி ஆராவது சிரிப்பார்களோ என்று பார்த்திருப்பார் போல. குல்வந்த் தன் கப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார். ரஜீவன் சுவர்ப்பக்கம் திரும்பி இருந்தான். நான் வடியைக் கழுவக் குசினிக்குப் போனேன். வடி ஏற்கெனவே கழுவித்தான் இருந்தது. இன்னொருமுறை கழுவினேன்.

திரும்பி வரும்போது கடைசிச் சொட்டுவரைக்கும் குடித்துமுடித்திருந்தார். இடையில் இருமல் வந்தும் கிண்ணத்தைக் கீழே வைக்கவில்லையாம், துளசிகா சொன்னாள். எழும்பி, வலக்கையை நெஞ்சில் வைத்துத் தலையைக் குனிந்து, "ரஹ்மத்" என்றார். அது அவர்கள் பாஷையில் நன்றி. எனக்குத்தான் சொன்னார். சப்பாத்தைப் போட்டார். கோட்டை மாட்டினார். பாத்திரத்தைப் பையில் வைத்தார். துளசிகாவின் கன்னத்தைத் தடவி, மூன்று சீனிக்கட்டியையும் அவளின் கைக்குள் வைத்துப் பொத்தினார். கம்பளியைக் கேட்கவில்லை.

கதவு சாத்திய பிறகும் கொஞ்சத் தூரத்துக்கு இருமல் கேட்டது. காலை ஒன்பதரை மணி. பனி கொட்டிக்கொண்டிருந்தது.

8.1.1999, வெள்ளி

நிறைய ஊற்றுவது எங்கள் ஊர்ப் பழக்கம். அவருக்கும் அது தெரியும். முதல் நாளே ரஜீவன் சொல்லியிருக்கிறான். அப்படியிருக்க அவர் போனார் என்றால், தானாக யோசித்துத்தான் போயிருக்கிறார். ஸ்லாவா வந்ததைப் பார்த்தவர்தானே. சின்னப்பிள்ளை இல்லை. மகன் ஜேர்மனியில், வேறு வழி ஒன்று வைத்திருப்பார்.

கரவெட்டியில் ஆரும் அரைப் பேணி தேத்தண்ணி கொடுக்கமாட்டார்கள். எங்கள் அம்மா எதிரிக்கும் நிறையத்தான் ஊற்றுவாள்.

துளசிகா கேட்டாள்: "ஏன் அம்மா தங்கப்பல் மாமாவுக்கு நிரப்பி ஊத்தினனீங்கள்?"

"எங்கட பழக்கம் அப்பிடித்தான், பிள்ளை."

"அப்ப ஏன் மற்ற நாளெல்லாம் அரைவாசி ஊத்தினனீங்கள்?"

வாயை மூடிக்கொண்டு எழுத்தைப் பழகு என்று ஏசினேன்.

9.1.1999, சனி

குல்வந்த் இன்று தன் பங்குப் பாலை எனக்குத் தந்தார். நான் கேட்கவில்லை. ரஜீவன் நான் ஊற்றிய தேத்தண்ணியைக் குடிக்கவில்லை. பல் நோவாம்.

12.1.1999, செவ்வாய்

கலினா வந்தாள். ரஜீவனோடு குசினியில் நெடுநேரம் கதைத்தாள். இரண்டு தரம் சிலுவை போட்டாள். அவள் போன பிறகு அவன் எல்லாக் கப்பையும் எடுத்துக் கழுவிக்கொண்டு நின்றான். அந்த வேலையை ஒருநாளும் செய்யாதவன்.

"என்னவாம் கலினா?"

"பஸ் தரிப்பிடத்தில இருந்தவராம், அக்கா."

"பஸ் வந்ததோ?"

அவன் கம்பளியை மடித்து என் கதிரையில் வைத்துவிட்டுப் போனான்.

பஸ் வந்திருக்கும். பண்டிகை என்றாலும் ஒன்றிரண்டு வரும்தானே. கலினாவுக்கு என்ன தெரியும்.

15.1.1999, வெள்ளி

தைப்பொங்கல். பால் இருந்தது, பொங்கவைக்கவில்லை.

17.1.1999, ஞாயிறு

லொறி இன்னும் வரவில்லை. ஸ்லாவாவின் லொறியில் ஏதோ உடைந்துபோய் இருக்கிறதாம். பத்து நாள். பத்து நாளில் ஒரு இருமல் மாறியும் இருக்கலாம்.

இந்த வரியை வெட்டலாமென்று பார்த்தேன். பேனாவால் எழுதியாகிவிட்டது.

19.1.1999, செவ்வாய்

இன்று வெளிக்கிடுகிறோம். ஆளுக்கு ஒரு சின்னப் பை. கொப்பியைச் சட்டைக்குள் வைத்துக்கொள்கிறேன்.

22.1.1999, வெள்ளி

எந்த நாடு என்று தெரியாத ஒரு வீட்டில் நாங்கள் நாலு பேரும் இருக்கிறோம். எல்லை தாண்டிவிட்டது. கால் இரண்டும் இன்னும் என்னுடையதாக இல்லை.

நடந்ததை எழுதவேண்டும். எல்லையில் லொறியை நிற்பாட்டினார்கள். பலகைக்கு அந்தப்பக்கம் ஆள் நடக்கிற சத்தம். அந்த நேரம் பார்த்துத் துளசிகா இருமினாள். அவருடைய அதே இருமல்தான், நெஞ்சுக்குள் கதிரை இழுக்கிற அதே சத்தம், கிண்ணத்தில் வாய்வைத்துக் குடித்தவள்தானே. வாயைப் பொத்தினேன். என் விரலுக்குள்ளால் இருமினாள். மூன்று தரம், நாலு தரம். ரஜீவன் என் தோளைப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடியிருந்தான். முடிந்தது, எல்லாம் முடிந்தது என்று நினைத்தேன்.

ஒன்றும் நடக்கவில்லை. லொறியின் எஞ்சின் ஓடிக்கொண்டு இருந்தது. வெளியில் ஆரோ ரேடியோ போட்டிருந்தார்கள். ஒருவருக்கும் கேட்கவில்லை. லொறி வெளிக்கிட்டது.

இருட்டுக்குள் ரஜீவன் சொன்னான்: "கேக்காது, அக்கா. இருமினாலும் கேட்டிருக்காது."



3.2.1999, புதன்

சூரிச் வந்து சேர்ந்தோம். இவர் ரெயில் நிலையத்தில் நின்று அழுதார். தலைமயிர் கொட்டியிருக்கிறது. துளசிகா என் பின்னால் ஒளித்து நின்று, "இவரோ அப்பா?" என்று கேட்டாள்.

ரஜீவன் பாசல் நகரத்துக்குப் போய்விட்டான். விலாசம் தரவில்லை. நானும் கேட்கவில்லை.

10.2.1999, புதன்

துளசிகாவுக்கு மருந்து கொடுக்கிறார்கள். இருமல் குறைந்துவிட்டது. ஒரு கிழமை மருந்துதான். ஒரு கிழமை.

இவர் கேட்டார்: "வழியில கொப்பி எழுதினனீர் எண்டு பிள்ளை சொல்லுது. தாருமன் வாசிப்பம்."

"பனியில நனைஞ்சு கிழிஞ்சு போச்சு" என்றேன்.

14.3.1999, ஞாயிறு

இவர் துளசிகாவுக்கு விளையாட்டுத் தேத்தண்ணிச் சாமான் வாங்கிக்கொடுத்தார். பிளாஸ்ரிக் கேத்தல், நாலு கப். பின்னேரம் நிலத்தில் பாயைப் போட்டு, பொம்மைகளை இருத்தி, கேத்தலில் தண்ணீர் நிரப்பிக்கொண்டு வந்து எல்லோரையும் கூப்பிட்டாள்.

பொம்மைகளுக்கு அரைக் கப். அப்பாவுக்கு அரைக் கப். "என்ன பிள்ளை, அப்பாவுக்குக் கஞ்சத்தனமோ?" என்று இவர் சிரித்தார். "இல்லையப்பா, இதுதான் மரியாதை. நீங்கள் கனநேரம் இருக்கலாம்" என்றாள். இவருக்கு ஒன்றும் விளங்கவில்லை. மடக்கென்று குடித்துவிட்டுத் திரும்ப நீட்டினார். திரும்ப அரைக் கப்.

பிறகு எழும்பி உள்ளே போனாள். தன் பழைய குளிர்ச் சட்டையைச் சுற்றி வைத்த பொட்டலத்தைக் கொண்டுவந்தாள். அவிழ்த்தாள். நீலக் கிண்ணம். வெள்ளையில் பருத்திப் பூ. அன்று அவர் பாத்திரத்தை மட்டும்தான் பையில் வைத்தார். கிண்ணம் பாயில் இருந்ததை நான் எப்படிக் கவனிக்காமல் விட்டேன்? லொறிக்குள் பதினாறு மணித்தியாலம் அதைத் தன் நெஞ்சோடு வைத்துக்கொண்டு இருந்திருக்கிறாள்.

அதில் ஊற்றினாள். நாக்கைக் கடித்துக்கொண்டு, விளிம்புவரைக்கும், இனி ஒரு சொட்டும் கொள்ளாது என்னும்வரைக்கும் ஊற்றினாள். இரண்டு கையாலும் தூக்கி, ஒரு சொட்டும் சிந்தாமல் நடந்து வந்து எனக்கு நீட்டினாள்.

"இந்தாங்கோ அம்மா."

"எனக்கு மட்டும் ஏன் பிள்ளை நிறைய?"

"உங்கட பழக்கம் அப்பிடித்தானே. நீங்கதானே சொன்னனீங்கள்."

அவள் முகத்தில் ஒன்றும் இல்லை. கோபம் இல்லை, குறும்பும் இல்லை. ஆறு வயதுப் பிள்ளையின் முகம், அவ்வளவுதான்.

அன்றைக்கு என் கை தவறவில்லை. கேத்தல் பாரமாக இருக்கவில்லை. கிண்ணம் அரைவாசிக்கு வந்ததையும் பார்த்தேன், முக்காலுக்கு வந்ததையும் பார்த்தேன். நான் ஊற்றிக்கொண்டே இருந்தேன். பஸ் இல்லை என்பது எனக்குத் தெரியும்.

இவர் பார்த்துக்கொண்டிருந்தார். நான் கிண்ணத்தை வாங்கி, கடைசிச் சொட்டுவரைக்கும் குடித்தேன். பச்சைத் தண்ணீர். பிறகு வேறு என்ன செய்வதென்று தெரியாமல் எழும்பிப் போய்ச் சப்பாத்தைப் போட்டேன்.

"எங்க போறீர், இந்தப் பனிக்குள்ள?" என்று இவர் கேட்டார்.